மத்தியானத்தில் வந்த க்ரீப்பர்



இந்த வார எபிசோட்டில் மைன்கிராஃப்ட் பற்றிக் கதைக்கத் தொடங்கி, மழை, இடி என்று எங்கேயோ போய், கடைசியில் நேரம் போதாமல் நிறுத்திவிட்டோம். "மிச்சத்தை எழுதித் தாறன்" என்று சொன்னேன். இதுதான் மிச்சம். கொஞ்சம் கணக்கு இருக்கு, பயப்பட வேண்டாம். ஜீசிஎஸ்ஈ அளவு கூட இல்லை.

முதலில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ஹாரோவில் இருக்கிற என் அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் அஞ்சாறு மாசமாக மைன்கிராஃப்டில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுடைய அம்மம்மா, அதாவது என் அம்மா, பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம், முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் விறாந்தை, அதற்குப் பின்னால் அறைகள். 1995 இல் விட்டுவிட்டு வந்த வீடு. இப்போது அந்த இடத்தில் வேறு ஏதோ கட்டடம். எங்களிடம் இருப்பது இரண்டே இரண்டு படம். ஒன்று வாசல் பக்கம், மற்றது யாருடையதோ கலியாணத்தில் விறாந்தையில் எடுத்தது. மிச்சமெல்லாம் அம்மா சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கட்டியது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று மூத்தவளிடம் கேட்டேன். மியூசியம் ஆஃப் லண்டன் 2016 இலிருந்து 1666 தீ விபத்தைப் பற்றி மைன்கிராஃப்ட் மேப் வெளியிட்டதே, அதைப் பள்ளிக்கூடத்தில் விளையாடியிருக்கிறாள். "எரிஞ்சு போன லண்டனைக் கட்டலாம் எண்டால் அம்மம்மா வீட்டையும் கட்டலாம்தானே" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் வளவுக்குப் பின்னால் கிணற்றடியில் நின்று துலா கட்டிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டில் நல்ல மத்தியானம். இருட்டிக்கொண்டு வந்து, மழை பெய்து, இடி இடித்தது. அவர்கள் கவலைப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் வெயில் திரும்பவும் வந்தது. சின்னவன் இன்னும் வேலிக்கட்டை எடுக்க வீட்டுக்குள் ஓடினான். முற்றத்து மணலில் எலும்பும் அழுகின இறைச்சியும் கிடந்ததாம். "இதென்ன" என்று குனிந்து பார்த்து, விறாந்தையில் ஏறி, குசினிப் பக்கம் திரும்பினான். ஸ்ஸ்ஸ். ஒன்றரை வினாடி. குசினிச் சுவர், அம்மி இருந்த மூலை, சாமி அறையின் ஒரு பக்கம் எல்லாம் போய்விட்டது.

குசினிக்குப் படம் இல்லை என்பதை மறக்காதீர்கள். ஒரு முழு நாள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னதை வைத்துக் கட்டிய குசினி அது. அம்மாவுக்கு இப்போது 78 வயது.

உலகத்தின் ஃபோல்டரை இன்னொரு இடத்தில் கொப்பி எடுத்து வைக்க வேண்டும் என்று நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது முதல் பிழை. இரண்டாவது இன்னும் மோசம். "வீட்டுக்குள்ள டார்ச் வைக்கவோ மாமா?" என்று சின்னவன் முன்பே கேட்டிருக்கிறான். "வேண்டாம், வடிவைக் கெடுக்கும். ராவில படுத்தால் ஒண்டும் வராது" என்று சொன்னது நான்தான். பத்து வருஷத்துக்கும் மேலாக விளையாடுகிறவன் என்கிற திமிர்.

அதனால் அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து, ஏன் இப்படி நடந்தது என்று தேடினோம். ஜாவா பதிப்பின் கோட்டை நிறையப் பேர் பிரித்துப் படித்து விளக்கியிருப்பதால் இதில் ஊகிக்க வேண்டிய தேவை இல்லை. (டாப்லெட்டிலும் கன்சோலிலும் வருகிற பெட்ராக் பதிப்பு வேறு கோட். அடிப்படை யோசனை ஒன்றுதான், ஆனால் எண்கள் மாறும். கீழே வருவதெல்லாம் ஜாவா, 1.18க்குப் பிறகு.)

முதலில் வானிலை. 2011 ஏப்ரலில் பீட்டா 1.5 வந்தபோதுதான் மைன்கிராஃப்டில் மழையே பெய்யத் தொடங்கியது. உள்ளே மழைக்கு ஒரு மணிக்கூடு, இடிக்கு இன்னொரு மணிக்கூடு. இரண்டும் ஒன்றை ஒன்று பார்ப்பதில்லை. மழை நின்றபின் அடுத்த மழைக்கு 10 நிமிஷத்திலிருந்து இரண்டரை மணித்தியாலம் வரை ஆகலாம். பெய்தால் 10 முதல் 20 நிமிஷம். இடி மணிக்கூடும் அதே மாதிரி இரண்டரை மணித்தியாலம் வரை சும்மா இருந்துவிட்டு, 3 முதல் 13 நிமிஷம் வரை "ஓன்" ஆகும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓன் ஆக இருந்தால் மட்டும்தான் புயல். இடி ஓன், மழை ஓஃப் என்றால் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது, வெயில் அடிக்கும். அதனால்தான் மழை அடிக்கடி வரும், இடியோடு வருவது அருமை. லண்டன் மாதிரியே என்று வையுங்கோ: தூறலுக்குக் குறைவில்லை, இடி கேட்டால் எல்லாரும் ஜன்னலுக்கு ஓடுவோம்.

கட்டிலில் படுத்து எழும்பினால் பெய்கிற மழையும் நின்றுவிடும். என் மருமக்கள் ஒவ்வொரு ராவும் ஒழுங்காகப் படுக்கிறவர்கள். யோசித்துப் பார்த்தால், அந்த வீடு கட்டி முடிந்த நாளிலிருந்து ஒரு முழு இருட்டைக் கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ராவையும் கட்டிலில் தாண்டிப் போனார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் புயல்தான் வீட்டுக்கு முதல் இருட்டு.

இனி எதிரிகள் எப்படி வருகிறார்கள் என்பதற்கு வருவோம்.

"இடி இடிச்சால் மாப் வரும்" என்று எல்லாரும் சொல்கிறோம். கோட்டில் அப்படி ஒரு வரி இல்லை. எதிரி வைக்கிற வேலை வெயில், மழை, இரவு, பகல் என்று பாராமல் எந்நேரமும் நடந்துகொண்டே இருக்கிறது. வினாடிக்கு 20 டிக். ஒவ்வொரு டிக்கும் கேம் உங்களைச் சுற்றியுள்ள நிலத்தில் ஏதோ ஒரு இடத்தைக் குலுக்கிப் பிடித்து, "இங்கே ஒன்றை வைக்கலாமா?" என்று கேட்கிறது. தனி ஆள் உலகத்தில் மொத்தம் 70 வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். நல்ல மத்தியானத்தில் முற்றத்திலும் கேட்கிறது. விடை "இல்லை" என்று வருவதால் நாம் அதைக் காண்பதில்லை. புயல் செய்வது அந்த விடையை மாற்றுவது மட்டும்தான்.

விடை எப்படி வருகிறது? ஒவ்வொரு பிளாக்குக்கும் இரண்டு வெளிச்ச எண் உண்டு. ஒன்று வானத்திலிருந்து வருவது, மற்றது டார்ச், லாந்தர் மாதிரிப் பொருட்களிலிருந்து வருவது. இரண்டும் 0 முதல் 15 வரை. எஃப்3 அழுத்தினால் திரையில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். கேம் மூன்று தரம் சோதிக்கிறது.

முதலில் 0 முதல் 31 வரை ஒரு எண்ணைக் குலுக்குகிறது. அந்த இடத்து வான வெளிச்சம் அதைவிடக் கூட என்றால், இல்லை. அடுத்தது பொருள் வெளிச்சம். அது 0 ஆக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தாலும், இல்லை. கடைசியில் வான வெளிச்சத்திலிருந்து நேரத்துக்கும் வானிலைக்கும் ஏற்ப ஒரு எண்ணைக் கழித்து, 0 முதல் 7 வரை குலுக்கிய இன்னொரு எண்ணோடு ஒப்பிடுகிறது. கழித்து வந்தது கூட என்றால், இல்லை. மூன்றிலும் தப்பினால்தான் எதிரி.

கழிக்கிற எண்தான் முக்கியம். தெளிந்த மத்தியானத்தில் 0. வெறும் மழையில் 3. தெளிந்த நடு இரவில் 11. இடியோடு புயல் என்றால் 10.

முற்றத்துக்குப் போட்டுப் பாருங்கோ. திறந்த இடம், வான வெளிச்சம் 15. தெளிந்த மத்தியானத்தில் 15. அது 7ஐ விடக் கூட, ஒருபோதும் வராது. வெறும் மழையில் 12, அப்போதும் வராது. புயலில் 15 இலிருந்து 10 போய் 5. முதல் சோதனையில் தப்ப 32க்கு 17, கடைசிச் சோதனையில் தப்ப 8க்கு 3. பெருக்கினால் நூறு முயற்சியில் ஏறக்குறைய 20. தெளிந்த நடு இரவில் இதே இடத்தில் 27. அதாவது மத்தியானப் புயல் முக்கால்வாசி இரவு. (ஒரு வேடிக்கை: நடு இரவில் புயல் வந்தாலும் கேம் 11க்குப் பதில் 10ஐத்தான் கழிக்கிறது. திறந்த வெளியில் புயல் இரவு, தெளிந்த இரவைவிடக் கொஞ்சம் பாதுகாப்பு! இதை ஏன் ஒருத்தரும் திருத்தவில்லையோ தெரியாது.)

இங்கேதான் மூத்தவள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப கூரைக்குக் கீழ?"

நானும் அதுவரை யோசித்திருக்கவில்லை. புயல் என்றால் உள்ளே ஓடு என்பதுதானே எங்களுடைய புத்தி. வான வெளிச்சம் பக்கவாட்டில் போகப் போக ஒரு பிளாக்குக்கு ஒன்று குறையும். முற்றத்து ஓரம் 15. விறாந்தை இரண்டு பிளாக் அகலம், 14, 13. சாமி அறை வாசல் 12. கதவு வைக்கவில்லை, வெறும் வாசல்தான். உள்ளே ஒரு அடி வைத்தால் 11. பகலில் பார்த்தால் அது நல்ல வெளிச்சமான அறை, கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. வெறும் மழையில் 8, தப்பிவிடும். புயலில் 11 இலிருந்து 10 போனால் 1. முதல் சோதனைக்கு 32க்கு 21, கடைசிச் சோதனைக்கு 8க்கு 7. பெருக்கினால் 57.

முற்றத்தில் 20, சாமி அறையில் 57. கூரைக்குக் கீழே, சாமிக்கு முன்னால், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சின்னவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

இன்னொரு பொறியும் உண்டு. புயல் நடக்கும்போது எஃப்3ஐப் பார்த்தால் முற்றத்தில் அப்போதும் வான வெளிச்சம் 15 என்றுதான் காட்டும். பொய் சொல்லவில்லை. சேமித்து வைத்த எண் மாறுவதில்லை, கழித்தல் சோதனை நேரத்தில் மட்டும் நடக்கிறது. எண்ணைப் பார்த்து "15 இருக்கு, பிரச்சினை இல்லை" என்று நினைத்தால் மாட்டினோம்.

இனி தூரம். இதைத்தான் நாங்கள் கடைசியாகக் கண்டுபிடித்தோம், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

சின்னவனின் கேள்வி: "மாமா, முந்தியும் ஒருக்கா இடி வந்தது. அப்ப நாங்கள் குசினியிலதான் நிண்டனாங்கள். ஒண்டும் வரேல்லையே?" நியாயமான கேள்வி. கேம், ஆளிலிருந்து 24 பிளாக்குக்குள் எதிரியை வைப்பதில்லை. குசினியில் நின்றால் முழு வீடும் அந்த வட்டத்துக்குள். வீட்டில் ஆள் இருக்கும்வரை வீட்டுக்குள் ஒன்றும் பிறக்காது. ஆள் வெளியே போனால்தான் பிறக்கும்.

அதே நேரம், தூரத்தில் பிறந்தது எல்லாம் நிற்பதும் இல்லை. 128 பிளாக்குக்கு அப்பால் என்றால் உடனே மறைந்துவிடும். 32க்கும் 128க்கும் இடையில் என்றால், 30 வினாடிக்குப் பிறகு ஒவ்வொரு டிக்கிலும் 800க்கு ஒன்று என்கிற வாய்ப்பில் மறையும். சராசரி போட்டால் இன்னொரு 40 வினாடி. 32க்குள் என்றால் மறையவே மறையாது, காத்துக்கொண்டு நிற்கும்.

அப்படியென்றால் 24க்கும் 32க்கும் இடையில் ஒரு ஒடுங்கிய வளையம் இருக்கிறது. பிறக்கவும் முடியும், பிறந்தால் போகவும் மாட்டாது. கிணற்றடிக்கும் சாமி அறைக்கும் உள்ள தூரத்தை எஃப்3 எண்களை வைத்துக் கணக்குப் பார்த்தோம். ஒரு பக்கம் 25, மற்றப் பக்கம் 10. பைதகரஸ் போட்டால் 27.

அம்மா அந்தக் கிணறு வீட்டுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் என்று சொன்னபோது, "குடம் தூக்கிக்கொண்டு வந்தால் ஒருக்கா இடுப்பு மாத்த வேணும், அவ்வளவு தூரம்" என்றுதான் சொன்னவ. பிள்ளைகள் அதை மதிப்பிட்டுக் கட்டியது சரியாக அந்த வளையத்துக்குள் போய் விழுந்திருக்கிறது.

மிச்சக் கதை இப்போது தானாக விளங்கும். புயலில் முற்றத்திலும் அறைகளிலும் நாலைந்து பிறந்திருக்கும். வெயில் திரும்பி வந்ததும் முற்றத்தில் நின்ற ஸோம்பியும் ஸ்கெலிட்டனும் எரிந்து போயின. சின்னவன் மணலில் கண்ட எலும்பும் இறைச்சியும் அதுதான். மழையில் அவை எரியாது, வெயில் வந்தால்தான் எரியும். க்ரீப்பருக்கு வெயில் ஒன்றும் செய்யாது. அது கூரைக்குக் கீழே, மறையாத தூரத்தில், ஆள் வரும்வரை நின்றது. எலும்பைக் கண்டதும் "இங்கே ஏதோ நடந்திருக்கு" என்று நின்று யோசித்திருந்தால் குசினி தப்பியிருக்கும். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

சரி, மருந்து என்ன? இரண்டாவது சோதனையைத் திரும்பப் பாருங்கோ. பொருள் வெளிச்சம் ஒன்று இருந்தாலே போதும், புயலாவது இரவாவது. 2021 நவம்பர் 30 இல் 1.18 வருவதற்கு முன் இது 8 ஆக இருக்க வேண்டும். என்னை மாதிரிப் பழைய ஆட்கள் நிலமெல்லாம் டார்ச் குத்தி வைத்தது அதனால்தான். "டார்ச் வடிவைக் கெடுக்கும்" என்று நான் சொன்னதும் அந்தப் பழைய கணக்கை வைத்துத்தான். இப்போது அவ்வளவு தேவையில்லை. லாந்தர் 15 கொடுக்கும், ஒரு பிளாக்குக்கு ஒன்று குறையும். ஒன்பதுக்கு ஒன்பது முற்றத்தின் நடுவில் ஒன்றை வைத்தால், மூலைக்குப் போக நாலும் நாலும் எட்டு. மூலையில் 7 மிஞ்சும். பழைய விதியில் அந்த மூலை இன்னும் ஆபத்து, புது விதியில் ஏழு மடங்கு பாதுகாப்பு.

மூத்தவள் ஒத்துக்கொள்ளவில்லை. "முற்றத்துக்கு நடுவில லைட் இருக்கேல்ல. படத்திலயும் இல்லை." எனக்குக் கோபம் வந்தது, பிறகு அவள் சொல்வது சரி என்று பட்டது. கேமுக்காக வீட்டை மாற்றினால் பிறகு அது யாருடைய வீடு?

அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். "அம்மம்மா, அங்க ராவில லைட் எங்க இருந்தது?"

"கரண்ட் வர முந்தியோ, வந்த பிறகோ?"

இதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கரண்ட் வர முந்தி, குசினிப் பக்க விறாந்தைத் தூணில் ஒரு அரிக்கன் லாம்பு தொங்குமாம். பொழுதுபட முந்தி சிம்னியைச் சாம்பல் போட்டுத் துடைக்கிறது அம்மாவின் வேலை. மழை இருட்டு என்றால் மத்தியானத்திலும் கொளுத்துவார்களாம், முற்றத்தில் பாம்பு வரும் என்று.

அந்தத் தூணில் ஒரு லாந்தரைத் தொங்கவிட்டோம். ஒன்று போதவில்லை, எதிர் மூலை இருட்டாக இருந்தது. அம்மாவிடம் அனுமதி வாங்கி எதிர் மூலைத் தூணிலும் ஒன்று, குசினிக்குள் ஒன்று. எஃப்3ஐத் திறந்து வைத்துக்கொண்டு சின்னவன் ஒவ்வொரு பிளாக்காக நடந்து பார்த்தான். பொருள் வெளிச்சம் எங்கேயும் 0 இல்லை. பிறகு உலகத்தை ஒரு கொப்பி எடுத்து (இந்த முறை மறக்கவில்லை), அந்தக் கொப்பியில் வெதர் தண்டர் கட்டளையைப் போட்டுவிட்டு, கிணற்றடியில் அதே இடத்தில் போய் நின்றோம். பத்து நிமிஷம். வீட்டுக்குள் ஒன்றும் இல்லை. லாந்தர்களை எடுத்துவிட்டுத் திரும்பச் செய்தோம். இரண்டாவது நிமிஷத்திலேயே சாமி அறைக்குள் ஒரு ஸோம்பி.

உங்கட உலகத்திலும் இதைச் செய்து பாருங்கோ. முதலில் கொப்பி. பீஸ்ஃபுல் இல்லாத எந்த நிலையும் சரி, கிரியேட்டிவிலும் எதிரி பிறக்கும். வீட்டிலிருந்து 24க்கும் 32க்கும் இடையில் ஒரு இடம் பிடித்து நில்லுங்கோ. கூரை உள்ள, ஆனால் விளக்கு இல்லாத இடங்களை முதலில் பாருங்கோ: மாட்டுக் கொட்டில், வாசல் மண்டபம், பாலத்துக்குக் கீழ். ஆறுதலுக்கு ஒன்று: கீழ்ப்பாதி ஸ்லாப், கார்ப்பெட், கண்ணாடி இவற்றின் மேல் எதிரி நிற்கப் பிறக்காது. எங்கள் ஓட்டுக் கூரை படிக்கட்டு பிளாக்கால் கட்டியது என்பதால் கூரையில் ஒன்றும் வரவில்லை. அது தெரிந்து செய்ததில்லை, அதிர்ஷ்டம். புயல் நேரத்தில் பகலிலும் கட்டிலில் படுக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும். படுத்தால் புயல் முடிந்துவிடும். மின்னல் விழுவது இன்னொரு கதை. 1.17 இல் வந்த லைட்னிங் ராட் 128 பிளாக் வரை மின்னலைத் தன் பக்கம் இழுக்கும், கிணற்றடியில் ஒன்று நட்டிருக்கிறோம். துலாவுக்குப் பக்கத்தில் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கு.

குசினி? போன கிழமை தொடங்கினோம். அம்மா கதிரையைப் போட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவ. சுவர் பாதி எழும்பினதும், "அந்த ஜன்னல் அங்க இல்லையே" என்றவ. முதல் தரம் கட்டினபோதே பிழையாம், பிள்ளைகள் ஆசையாகக் கட்டினதால் சொல்லாமல் விட்டவவாம். ஜன்னல் கிழக்குப் பக்கம், கிணறு தெரிகிற மாதிரி.

கிழக்குச் சுவரில் ஜன்னல் வைத்தால் குசினியின் வான வெளிச்சம் மாறும். அந்தக் கணக்கு இந்தச் சனிக்கிழமை.